பாஸ் புத்தகத்தில் மறைந்த பணம்

மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊர்களில், வயலிலோ நெய்வேலிச் சுரங்கத்திலோ ஆயுளெல்லாம் உழைத்து ஓய்ந்த முதியோர், குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று தங்கள் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்ட தொகையை விதியென்றெண்ணி மௌனமாகச் சகித்துக்கொள்வது என் மனத்தை மிகவும் வருத்துகிறது. 2019-20 முதல் ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இவ்வகையில் வசூலித்தது ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் என்று 2024இல் பாராளுமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டது.

ஆனால், 2015 ஏப்ரலில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, இருப்பு குறைந்ததை அறிவித்து, அதைச் சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் கொடாமல் அபராதம் பிடிப்பதும், அந்த அபராதத்தாலேயே கணக்கைப் பூஜ்யத்துக்குக் கீழே தள்ளுவதும் முறையல்ல; ஜன் தன் முதலான அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளுக்கோ குறைந்தபட்ச இருப்பென்ற நிபந்தனையே கிடையாது.

ஆகவே, விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள், பாஸ் புத்தகத்தில் பதிவு போட்டு வரிவரியாகப் பார்த்து, சந்தேகத்துக்குரிய பிடித்தங்களைத் தேதியுடன் குறித்து, பெற்றோரின் கையொப்பத்தோடு கிளை மேலாளருக்கு மனுக் கொடுத்து, அதன் நகலில் வங்கியின் முத்திரையையும் தவறாமல் பெற்றுக்கொள்ள வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தியளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான வழியை 14448 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம்.