இணையவழிப் படிப்பு – 9: குரலை ஊருக்குக் கொடுக்கும் முன்

சென்ற வாரம் நேரலை வகுப்புகளைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் பாட்காஸ்ட். வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கு வீடியோவைவிட ஒலிதான் உற்ற துணை என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே எம்.ஏ. படிப்பவருக்கும், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பட்டப்படிப்பை முடிக்கப் பார்ப்பவருக்கும் கண்ணும் கையும் ஓய்வதே இல்லை. காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. செலவும் குறைவு. பேச்சை மட்டும் 64 கேபிபிஎஸ் அளவில், மோனோவாக, எம்பி3 கோப்பாக்கினால் அரைமணி நேரப் பாடம் சுமார் 14 எம்பிக்குள் அடங்கிவிடும். காலையில் வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் பேருந்தில் டேட்டாவே தேவையில்லை.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2004-ல் முதலாண்டு மாணவர்கள் சுமார் 1,650 பேருக்கு ஆளுக்கொரு ஐபாட் கொடுத்தது. கூடவே குரல்பதிவு செய்யும் சிறு கருவியும் தந்தார்கள். பாடம் கேட்கத்தான் ஐபாட் பயன்படும் என்று பலரும் நினைத்தார்கள். மறு ஆண்டு வெளியான மதிப்பீட்டைப் பார்த்தால், படிப்புக்கான பயன்பாடுகளில் குரல்பதிவே முன்னால் நின்றது. மாணவர்கள் தாங்களே பதிவு செய்யத்தான் அதிகம் விரும்பினார்கள். இன்று இணையவழிப் படிப்புகளில் ‘ஐந்து நிமிட பாட்காஸ்ட் தயாரித்து அனுப்புக’ என்று அசைன்மென்ட் வருவது அந்த வழியில்தான்.

நல்ல அசைன்மென்ட் அது. ஒரு பாடத்தை இன்னொருவருக்குப் புரியும்படி வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எது புரிந்தது, எது புரியவில்லை என்பது தெரியும். ஆனால், அந்த ஐந்து நிமிடத்தோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் வெளியே போகிறது என்பதை மாணவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பதிவிலிருந்தே தொடங்குவோம். ஸ்டூடியோ வேண்டாம், போன் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, துணிகள் தொங்கும் பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி பேசுங்கள். துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். போனை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’, ‘ப்’ வரும் இடங்களில் காற்று மோதாது. பேசத் தொடங்கும் முன் பத்து விநாடி எதுவும் பேசாமல் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி மென்பொருளில் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ வசதிக்கு அந்தப் பத்து விநாடிதான் மாதிரி. அறையின் இரைச்சல் எப்படிப்பட்டது என்று அதிலிருந்து கற்றுக்கொண்டு, பதிவு முழுவதிலும் அதைக் குறைத்துவிடும்.

இனி அதே பதிவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வேற்றாளாக நினைத்துக் கேளுங்கள். பின்னணியில் அம்மா உங்களை வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ரயில் நிலைய அறிவிப்பு கேட்கிறது. கோயில் ஒலிபெருக்கி ஊர்ப் பெயரைச் சொல்கிறது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? ஐபோனில் ‘வாய்ஸ் மெமோஸ்’ செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், பதிவுக்கு உங்கள் தெருவின் பெயரையே தலைப்பாகவும் வைத்துவிடும். அந்தப் பெயரோடு கோப்பைப் பதிவேற்றுபவர்கள் இருக்கிறார்கள். கோப்புக்கு வேறு பெயர் வையுங்கள். செட்டிங்ஸில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

ஆடாசிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டோமினிக் மஸோனியும் ரோஜர் டேனன்பெர்க்கும் 1999-ல் தொடங்கிய திட்டம் அது. இலவசம், திறந்த மூலம். 2021-ல் மியூஸ் குரூப் என்ற நிறுவனம் அதை வாங்கியது. அடுத்த சில மாதங்களில் வந்த புதிய தனியுரிமை அறிக்கை, பயனர் தகவல்களைச் சேகரிப்பது பற்றிப் பொத்தாம்பொதுவாகப் பேசியது. 13 வயதுக்குட்பட்டவர்கள் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. பயனர்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு வாசகங்களைத் திருத்தியது. யாரும் படிக்காத அந்த நீண்ட அறிக்கையைச் சிலராவது படித்ததால்தான் அது நடந்தது. நான் இன்றும் ஆடாசிட்டியைத்தான் பரிந்துரைக்கிறேன். அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொட வேண்டாம். புகழ்பெற்ற இலவச மென்பொருள்களின் பெயரில் போலிகளைப் பரப்புவது திருடர்களின் பழைய வழக்கம்.

அடுத்தது, அதிகம் பேர் அறியாத ஓட்டை. பாட்காஸ்ட் எப்படி நம் போனுக்கு வருகிறது? ஒவ்வொரு பாட்காஸ்டுக்கும் ‘ஃபீட்’ என்ற சிறு எழுத்துக் கோப்பு உண்டு. நிகழ்ச்சியின் பெயர், ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கேட்கும் செயலி அதை அவ்வப்போது படித்துப் புதியதை இறக்கிக்கொள்ளும். ஒலிக்கோப்பின் முகவரியையும் ஃபீடில் சேர்க்கும் ஏற்பாட்டை டேவ் வைனர் 2000-ம் ஆண்டின் இறுதியில் கொண்டுவந்தார். யாருக்கும் சொந்தமில்லாத பொது ஏற்பாடு. அதனால்தான் 2024-ல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை மூடியபோதும் நிகழ்ச்சிகள் அழியவில்லை. வேறு செயலிகள் அதே ஃபீடைப் படித்துக்கொண்டன. பொது என்பதால் அதை யாரும் திறந்து பார்க்கலாம். அதில் ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் மின்னஞ்சல் முகவரி இருப்பதுண்டு. ஸ்பாட்டிஃபை போன்ற மேடைகள், நிகழ்ச்சி உங்களுடையதுதானா என்று சரிபார்க்க அந்த முகவரிக்கே குறியீட்டெண் அனுப்புவதால் பலர் தங்கள் சொந்த ஜிமெயிலைக் கொடுத்துவிடுகிறார்கள். வங்கிக்கும் கல்லூரிக்கும் கொடுத்த அதே ஜிமெயில்! ஃபீட்களிலிருந்து முகவரிகளை அறுவடை செய்வதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன. பாட்காஸ்டுக்கென்று தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். சரிபார்ப்பு முடிந்ததும், உங்கள் மேடையில் முகவரியை மறைக்கும் வசதி இருந்தால் மறைத்துவிடுங்கள்.

அந்த முகவரிக்கு என்ன வரும்? ‘உங்கள் நிகழ்ச்சி பிடித்திருக்கிறது, விளம்பரம் தர விரும்புகிறோம், விவரம் இணைப்பில்’ என்று வரும். 2023 மார்ச்சில் கனடாவின் ‘லைனஸ் டெக் டிப்ஸ்’ யூடியூப் சேனலைத் திருடர்கள் கைப்பற்றி, அதில் கிரிப்டோ மோசடியை நேரலையாக ஓடவிட்டார்கள். கோடிக்கணக்கானோருக்குத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் சேனல் அது. ஊழியர் ஒருவர் விளம்பர ஒப்பந்தம் போலத் தோன்றிய பிடிஎஃப் கோப்பைத் திறந்திருக்கிறார். உண்மையில் அது திருட்டு நிரல். பாஸ்வேர்டை உடைக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை. ஏற்கெனவே லாகின் ஆகியிருந்த பிரவுசரின் அடையாளத் துணுக்கை அள்ளிக்கொண்டு போனது. அது கையில் இருந்தால் ஓடிபி கூடக் கேட்காது. இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். ஆனால், அது இருக்கிறது என்பதற்காக வந்த கோப்பையெல்லாம் திறக்கக் கூடாது. பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

மாணவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் நிறுவனங்கள் கோட்டை விட்டால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. மனித உரிமைகள் கண்காணிப்பகம் என்ற ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், 49 நாடுகளில் பெருந்தொற்றுக் காலத்தில் பயன்பட்ட 163 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து 2022-ல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 145, குழந்தைகளின் உரிமைகளுக்கு ஆபத்தான வகையில் தகவல்களைக் கையாண்டன என்றது. நம் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் திக்‌ஷா செயலியும் அந்த ஆய்வில் இருந்தது. பாதுகாப்பில்லாத சர்வரில் திக்‌ஷாவின் ஆசிரியர், மாணவர் விவரங்கள் திறந்து கிடந்ததை ‘வயர்ட்’ இதழ் 2023 ஜனவரியில் வெளிப்படுத்தியது. அமெரிக்காவின் பவர்ஸ்கூல் நிறுவனத்தில் 2024 டிசம்பரில் நடந்த திருட்டு இன்னும் பெரியது. திருடிய லாகின் விவரங்களைக் கொண்டு உள்ளே புகுந்து, கோடிக்கணக்கான மாணவர்களின் தகவல்களை எடுத்தவன் 19 வயதுக் கல்லூரி மாணவன். நம் நாட்டின் 2023-ம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கல்லூரி மாணவர்களில் பெரும்பாலானோர் அந்த வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு அந்தக் காப்பு கிடையாது.

அதனால் இந்த வாரம் நான் ஆசிரியர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. பாட்காஸ்ட் அசைன்மென்ட் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால், அதைப் பொதுவெளியில் வெளியிட்டால்தான் மதிப்பெண் என்று சொல்லாதீர்கள். குரலை நகலெடுக்க இன்று சில விநாடிப் பேச்சே போதும். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் காட்டிய வால்-ஈ என்ற மாதிரி, 3 விநாடி ஒலியிலிருந்து ஒருவர் பேசுவதைப் போலவே பேசிக் காட்டியது. மைக்ரோசாஃப்ட் அதைப் பொதுமக்கள் கையில் தரவில்லை. அதே வேலையைச் செய்யும் கருவிகள் வேறு பல வந்துவிட்டன. ஐந்து நிமிடப் பதிவும், முழுப்பெயரும், கல்லூரிப் பெயரும் ஒரே இடத்தில் பொதுவில் கிடப்பது ஒரு பெண்ணுக்கு என்ன தொல்லையைக் கொண்டுவரும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் வகுப்புக்கு மட்டும் திறக்கும் இணைப்பாகக் கேளுங்கள். வெளியிட விரும்புகிறவர் புனைபெயரில் வெளியிடட்டும். பேட்டி எடுக்கும் அசைன்மென்ட் என்றால், பேட்டி கொடுப்பவரின் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் வாங்கச் சொல்லிக்கொடுங்கள்.

மாணவர்களுக்கும் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று என்ற பழைய அறிவுரையை விட்டுவிடலாம். நீளமாக, ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறாக இருப்பதுதான் முக்கியம். பாட்காஸ்டின் மூலக்கோப்புகளை ஒரு பென் டிரைவிலும் வைத்திருங்கள். மேடை மூடப்பட்டாலும், கணக்கு பறிபோனாலும் உழைப்பு மிஞ்சும். கணக்கைத் திருடி யாராவது பணம் பறித்தாலோ, உங்கள் குரலைக் கொண்டு மிரட்டினாலோ வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930. இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)