பாதை ஒன்று, முதலாளிகள் பலர்: கொழும்பு பஸ் சேவை கைமாறிய வரலாறு

கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் செல்லும் பாதைகள் கொழும்பு வர்த்தகர்களுக்கு நன்கு பழக்கமானவை. புறக்கோட்டை, மருதானை கடைகளுக்கு வாடிக்கையாளரையும் வேலையாட்களையும் கொண்டுவந்து சேர்ப்பவை இந்தப் பாதைகளே. நூறு வருடங்களுக்கும் மேலாக இவற்றில் பொதுப் போக்குவரத்து நடக்கிறது. ஆனால் அதை நடத்தியவர்கள் பல தடவை மாறியுள்ளனர். ஒவ்வொரு மாற்றத்திலும் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

ஒரு பாதை 'கைமாறுகிறது' என்றால் என்ன? மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாகனம் யாருடையது? அந்தப் பாதையில் ஓடும் உரிமை யாரிடம்? டிக்கட் பணம் யாருடைய பைக்குள் போகிறது? இம்மூன்றில் ஒன்று மாறினாலும் தொழிலின் போக்கே மாறிவிடும்.

டிராம் காலம்

1899 இல் கொழும்பில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. நடத்தியது பவுஸ்டெட் என்ற தனியார் நிறுவனம். கோட்டை - பொரளை, கோட்டை - கிராண்ட்பாஸ் என்பனவே அதன் பாதைகள். 1929 இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடந்த டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் நாட்டின் தொழிற்சங்க வரலாற்றில் முக்கிய இடம்பெற்றது. 1944 இல் டிராம் சேவையைக் கொழும்பு மாநகர சபை பொறுப்பேற்றது. 1953 இல் மேலே கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் துரொலி பஸ்களைச் சபை கொண்டுவந்தது. 1960 இல் டிராமும், 1964 இல் துரொலி பஸ்ஸும் நின்றுபோயின.

கம்பனிகளிலிருந்து சபைக்கு

மறுபக்கம் தனியார் பஸ்கள் பெருகின. ஒரே வீதியில் பலர் ஓடியதால் பயணிகளுக்காகச் சண்டை நடந்தது. இதைத் தீர்க்க 1942 இல் ஒம்னிபஸ் அனுமதிச் சட்டம் வந்தது. ஒரு பாதைக்கு ஒரு கம்பனி என்பதே அதன் அடிப்படை. சிறு உரிமையாளர்கள் கூட்டுச் சேர்ந்து கம்பனிகள் அமைத்தார்கள். சேர் சிறில் டி சொய்சாவின் சவுத் வெஸ்டர்ன் கம்பனி போன்றவை இக்காலத்தில் பெரிதாக வளர்ந்தன. ஆனால் போட்டி இல்லாத இடத்தில் பயணியின் முறைப்பாட்டைக் கேட்க ஆள் இல்லை.

1958 ஜனவரி 1 ஆம் திகதி பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. இப்போது வாகனம், உரிமை, டிக்கட் பணம் மூன்றும் அரசின் கையில். இலாபமில்லாத கிராமத்துப் பாதைகளுக்கும் பஸ் போனது. ஆனால் காலப்போக்கில் தேவைக்கு மேல் ஆட்சேர்ப்பும் அரசியல் தலையீடும் உதிரிப்பாகத் தட்டுப்பாடும் சபையை வாட்டின. நட்டத்தைத் திறைசேரி சுமந்தது.

1978 இல் சபை பிராந்திய சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. 1990களில் டிப்போக்கள் ஊழியர்களும் பங்குதாரர்களான கம்பனிகளாக்கப்பட்டன. 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அவை மீண்டும் ஒரே சபையின் கீழ் வந்தன.

ஓட்டப் போட்டி ஏன்?

1979 இல் வந்த தனியார் துறை 1942 இன் கம்பனி முறையல்ல. ஒன்றிரண்டு பஸ் வைத்திருக்கும் தனி உரிமையாளர்களே அதிகம். சாரதிக்கும் நடத்துனருக்கும் பெரும்பாலும் அன்றைய வசூலில் பங்கு கொடுக்கப்படுகிறது. இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம்.

ஒரு நாள் வசூல் 20,000 ரூபா. டீசல் 9,000. லீசிங் தவணைக்கு ஒரு நாளுக்கு 5,000. ஊழியர் பங்கு 20 வீதம், அதாவது 4,000. மிச்சம் 2,000. இதில்தான் டயரும் திருத்த வேலையும் பார்க்க வேண்டும். வசூல் 10 வீதம் குறைந்து 18,000 ஆனால் என்ன நடக்கும்? டீசலும் தவணையும் குறையாது. ஊழியர் பங்கு 3,600 ஆகும். மிச்சம் வெறும் 400 ரூபா. வசூலில் பத்தில் ஒன்று குறைய, மிச்சம் ஐந்தில் ஒன்றாகிவிட்டது.

முன்னால் போகும் பஸ் பத்துப் பயணிகளை ஏற்றிக்கொண்டால் பின்னால் வரும் பஸ்ஸின் மிச்சம் கரைகிறது. ஆகவே தரிப்பிடத்தில் நீண்ட நேரம் காத்திருப்பதும் பிறகு பேய்வேகத்தில் ஓடுவதும் சாரதியின் குணக்கேடு மட்டுமல்ல. கணக்கு அவரை அப்படி ஓட்டுகிறது. இ.போ.ச.வுக்கும் தனியாருக்கும் பொதுவான கால அட்டவணை என்ற பேச்சு எழும்போதெல்லாம் தகராறு வருவதும் இதனாலேயே.

லண்டன் செய்த மாற்றம்

1985 இல் லண்டன் நகரம் பாதைகளை ஒவ்வொன்றாகக் கேள்விப்பத்திரத்துக்கு விடத் தொடங்கியது. 1994 அளவில் அரசின் பஸ் பிரிவுகளும் தனியாருக்கு விற்கப்பட்டன. ஆனால் பாதையின் உரிமை, கால அட்டவணை, கட்டணம் ஆகியவற்றை நகர நிர்வாகமே வைத்துக்கொண்டது. டிக்கட் பணமும் நிர்வாகத்துக்கே. கம்பனிக்கு ஒப்பந்தத் தொகை கிடைக்கிறது. பஸ் ஒழுங்காக வந்தால் ஊக்கத்தொகை, தவறினால் வெட்டு. குறிப்பிட்ட வருடங்களுக்குப் பின் மீண்டும் கேள்விப்பத்திரம். வேறு கம்பனி வென்றாலும் பயணி அதே இலக்கமுள்ள சிவப்பு பஸ்ஸிலேயே ஏறுகிறார். போட்டி வீதியில் நடப்பதில்லை. கேள்விப்பத்திர மேசையில் நடக்கிறது. பயணிகள் குறைந்தால் வரும் நட்டம் நிர்வாகத்துடையது என்பதால் அதற்குப் பொதுப்பணம் வேண்டும் என்பது இதன் மறுபக்கம்.

வர்த்தகர்களுக்கு

முதலாவது, அரசு தரும் அனுமதிப்பத்திரத்தில் நடக்கும் தொழிலை நிரந்தரச் சொத்தாகக் கணக்கிடக் கூடாது. 1942 இல் ஏகபோகம் பெற்ற கம்பனிகள் 16 வருடங்களில் பாதையை இழந்தன. அனுமதிப்பத்திரத்தை நம்பிக் கடன் எடுப்பவர், அதன் காலத்துக்குள் கடன் தீருமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கும் முறையே அவர் வாடிக்கையாளரை நடத்தும் முறையைத் தீர்மானிக்கிறது. விற்பனையில் மட்டும் பங்கு கொடுக்கும் கடைகளும் இதைச் சிந்திக்கலாம்.

மூன்றாவது, ஒரே பாதையில் உள்ள சிறு உரிமையாளர்கள் வசூலைப் பொதுவாகச் சேர்த்து, ஓடிய தூரத்துக்கேற்பப் பிரித்துக்கொண்டால் துரத்த வேண்டிய தேவை குறையும். ஆனால் பங்காளிகள் ஒருவரை ஒருவர் நம்பும்படியான, எவரும் பார்க்கக்கூடிய கணக்கு இருக்க வேண்டும். அது இல்லாத கூட்டு எந்தத் தொழிலிலும் நீடிப்பதில்லை.