வரி மாறியது, பில் மாறவில்லை
கடைக்கு மென்பொருள் எழுதுவோருக்கும் எழுதுவிப்போருக்கும் சில குறிப்புகள்

2024 ஜனவரி முதலாந் திகதி பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. பத்திரிகையில் வாசித்தோம், வானொலியில் கேட்டோம், தேநீர்க் கடையிலும் அதுதான் பேச்சு. பாலாவியிலிருந்து கற்பிட்டி போகும் வீதியிலுள்ள எனது ஹார்ட்வெயார் கடையின் கம்பியூட்டருக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. மூன்று நாட்கள் அது பழைய 15 வீதத்திலேயே பில் அடித்தது. அந்த மூன்று நாள் விற்பனை வரி நீங்கலாக 12 இலட்சம் ரூபா. குறைந்துபோன 3 வீதம் 36,000 ரூபா. சீமெந்து மூட்டையில் என்ன மிஞ்சும் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பணம் என் கையிலிருந்து போனது.

மென்பொருளை எழுதியவர் ஊர்ப் பிள்ளை, கொழும்பில் படித்தவர். தொலைபேசியில் சத்தம் போட்டேன். அன்றிரவே வந்து 15 என்றிருந்த இடத்தில் 18 என்று மாற்றிவிட்டுப் போனார். விடயம் முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு கொந்தராத்துக்காரர் வந்தார். டிசெம்பரில் ஒரு இலட்சம் ரூபாவுக்குப் பெயின்ட் வாங்கி, வரியோடு 1,15,000 ரூபா கட்டியவர். பாதியைத் திருப்பித் தந்தார். கம்பியூட்டர் 50,000 ரூபாவுக்கு 18 வீத வரி சேர்த்து 59,000 ரூபா கொடுக்கச் சொன்னது. அவருக்குச் சேர வேண்டியது 57,500 ரூபா. காசை எண்ணிப் பார்த்தவர், "ஹாஜியார், நான் கட்டின வரிய விடக் கூடவா தாரீங்க?" என்று சிரித்தார். அவர் நேர்மையானவர், அதனால் எனக்குத் தெரிய வந்தது. பிறகு பார்த்தால் டிசெம்பர் மாத பில்களை மறுபடி அச்செடுத்தாலும் எல்லாமே 18 வீதமாக வந்தன. கணக்காளர் தலையில் கை வைத்தார்.

அதன்பின் அந்தத் தம்பியும் நானும் இரண்டு இரவு ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவருக்கு வியாபாரம் தெரியாது, எனக்கு புரோகிராம் தெரியாது. எனக்குத் தெரிந்ததை அவரிடம் நான் ஒருபோதும் சொல்லவில்லை. பிழையில் பாதி என்னுடையது. அந்த இரண்டு இரவில் நாங்கள் கற்றதைத்தான் இங்கு தருகிறேன். கடை வைத்திருப்பவர்கள் வாசித்துவிட்டு, வீட்டில் கணினி படிக்கும் பிள்ளைகளிடமும் கொடுங்கள்.

மாறக்கூடியதை உள்ளே எழுத வேண்டாம்

எமது நாட்டில் 2002 ஆகஸ்ட் முதலாந் திகதி இந்த வரி வந்தது. அண்மைக் காலத்தை மட்டும் பாருங்கள். 2019 டிசெம்பரில் 15 வீதம் 8 ஆனது. 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் மீண்டும் 15, 2024 ஜனவரியில் 18. நான்கு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் நான்கு மாற்றங்கள். வரி மட்டுமல்ல, கடிகாரமே மாறிய நாடு இது. 1996இல் இருமுறை நேரத்தை மாற்றினார்கள், 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினோம்.

ஆகவே வரி வீதத்தை புரோகிராமின் வரிகளுக்குள் எழுதவே கூடாது. அதற்குத் தனியாக ஓர் அட்டவணை வேண்டும். அதில் இரண்டு நிரல் போதும்: எந்தத் திகதியிலிருந்து, எத்தனை வீதம். பில் போடும்போது பில்லின் திகதிக்குரிய வீதத்தை புரோகிராம் அங்கே தேடி எடுக்க வேண்டும். புதிய வீதம் அறிவிக்கப்பட்டவுடன் கடைக்காரரே முன்கூட்டி ஒரு வரியைச் சேர்த்து வைக்கலாம். நள்ளிரவில் யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. பில் போட்ட அன்று பிடித்த வீதத்தையும் விலையையும் அந்த பில்லோடு சேர்த்தே பதிந்துவிட வேண்டும். பழைய பில்லை அச்செடுத்தாலும் பொருள் திரும்பி வந்தாலும் பதிந்ததைத்தான் எடுக்க வேண்டும், புதிதாகக் கணக்குப் போடக் கூடாது. எங்கள் வாப்பாமார் பேரேட்டில் எழுதிய வரியை அழித்து எழுதியதில்லை. அதே விதிதான் இது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண தசம எண்களில் கணினி 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, கடைசியில் ஒரு துளி கூடும். ஆயிரம் பில்லில் அது சதங்களாகி, கணக்கு இடிக்கும். பணத்தைச் சதமாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பைத்தனில் எழுதுபவர்கள் 'டெசிமல்' வகையைப் பயன்படுத்தலாம்.

எண் போல் தெரிவதெல்லாம் எண் அல்ல

கடனுக்குச் சாமான் கொடுக்கும்போது அடையாள அட்டை இலக்கத்தைப் பதிவது எங்கள் வழக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வந்த புதிய அட்டையில் 12 இலக்கம். பத்து இடம் மட்டும் வைத்து எழுதிய புரோகிராம்கள் புதிய அட்டையை ஏற்கவில்லை. சில இடங்களில் கடைசி இரண்டு இலக்கத்தை வெட்டிவிட்டுப் பதிந்தன. பழைய அட்டையும் புதியதும் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் இரண்டுக்கும் இடம் வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. இலக்கத்தில் பிறந்த வருடத்தை அடுத்து வரும் மூன்று இலக்கம், அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 366க்கு மேற்பட்டால் பிழை என்று எழுதிவிட்டால் பெண்கள் எவரையும் பதிய முடியாது.

அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் எண்ணாக அல்ல, எழுத்தாகவே வைத்திருங்கள். நாம் அவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லையே! எக்ஸெலில் எண்ணாக விட்டால் 077இன் முன் பூச்சியம் போய்விடும், 12 இலக்கமும் சுருங்கி விளங்காத வடிவில் தெரியும்.

பெயரை வைத்தும் ஆளைத் தேட வேண்டாம். முஹம்மது என்பதை எங்கள் ஊரில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். பெயரோடு வாப்பாவின் பெயரையும் வீதியையும் சேர்த்துப் பதியுங்கள். ஒருவரின் கடன் இன்னொருவர் தலையில் ஏறுவது காசுப் பிரச்சினை மட்டுமல்ல, மானப் பிரச்சினை.

பாமினியில் கிடக்கும் பழைய கணக்கு

எமது பகுதிக் கடைகளில் பழைய பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடப்பது போல் தெரியும். யுனிகோடுக்கு மாற்றச் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று போதும். ஆனால் அதில் ஒழுங்கு முக்கியம்.

பாமினியில் 'கொ' என்பதற்கு முதலில் கொம்பு, பின் 'க', பின் கால் என்று மூன்று தட்டு. யுனிகோடில் 'க' முதலில் நிற்கும், உயிர்க்குறி அதன் பின்னால் வரும். ஆகவே மூன்று தட்டுச் சேர்க்கைகளை முதலில் மாற்ற வேண்டும், அடுத்து இரண்டு தட்டு, கடைசியில் தனி எழுத்து. மாறிச் செய்தால் 'கொ' உடைந்துபோகும். ஆங்கிலத்தில் அடித்த முகவரி நிரலைத் தொட வேண்டாம், அதுவும் புரியாத தமிழாகிவிடும். மாற்றியதைப் புதிய நிரலில் எழுதுங்கள், பழையதை அழிக்காதீர்கள். ஐம்பது பெயரையாவது கடைக்காரரோடு இருந்து ஒப்பிட்டுப் பார்த்த பின்பே மிச்சத்தை நம்புங்கள்.

பில்லில் இடம் போதாது என்று பெயரை வெட்டும்போதும் கவனம். யுனிகோடில் 'கி' கண்ணுக்கு ஓரெழுத்து, கணினிக்கு இரண்டு. நடுவில் வெட்டினால் 'க' மட்டும் நிற்கும்.

பிரதி எடுப்பதும் பார்ப்பதும்

நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே வாழும் எங்களுக்கும் 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பைல் கெட்டுப்போகலாம். தினமும் கடை பூட்டும் நேரத்தில் தானாகப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்டைப் போட்டு வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் பைலை அப்படியே கொப்பி பண்ண வேண்டாம், அது அரைகுறையாக இருக்கலாம். டேட்டாபேஸ் தரும் பக்அப் கட்டளையையே பாவியுங்கள். பைலின் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் திகதி இருந்தால் பட்டியல் தானாக ஒழுங்காக நிற்கும். ஒரு பிரதி கடைக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத காசுக் கட்டு போன்றது.

வியாபாரிகள் கேட்க வேண்டியவை

மென்பொருள் வாங்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். வரி மாறினால் நானே மாற்றலாமா? போன வருட பில்லை எடுத்தால் போன வருடத் தொகையே வருமா? என் கணக்கை எக்ஸெலில் முழுமையாக வெளியே எடுக்கலாமா? கணினி நாளை எரிந்தால் எத்தனை மணித்தியாலத்தில் கடை மீண்டும் ஓடும்? பதில் சொல்லத் தயங்குபவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள்.

அதேபோல் எழுதுபவருக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். ஒரு நாள் முழுக்க அவரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருத்துங்கள். திரும்பி வரும் பெயின்டையும் அரை மூட்டைச் சீமெந்தையும் தவணைக் கடனையும் அவர் கண்ணால் பார்க்கட்டும். எழுதி முடித்தபின் வருடா வருடம் பார்த்துக்கொள்வதற்கும் ஒரு தொகை பேசிக் கொடுங்கள். லொறிக்கு சேர்விஸ் செய்யத் தயங்காத நாம் இதற்குக் கைசுருக்குகிறோம்.

எனது கடையில் அந்த அட்டவணை இப்போது இருக்கிறது. வரி அடுத்த முறை மாறும் அன்று நான் நிம்மதியாகக் கடை திறப்பேன். அந்தத் தம்பியும் எங்களோடுதான் இருக்கிறார். இப்போது புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கும் முன் அவர் கொப்பியோடு வந்து முதலில் கேட்பது இதுதான்: "ஹாஜியார், இதுல எது மாறும்?"