கூடி ஆராய்ந்தார்கள், ஒரே விதையில் நின்றார்கள்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் சோயா விவசாயி விளைச்சலை விற்கும் ஒவ்வொரு முறையும் 200 டாலருக்கு 1 டாலர் பிடித்துக்கொள்கிறார்கள். 1991-லிருந்து நாடு முழுக்க இதுதான் நடைமுறை. பிடித்ததில் பாதி அந்தந்த மாநிலத்து விவசாயிகள் வாரியத்தில் தங்கும், மறுபாதி தேசிய வாரியத்துக்குப் போகும். விற்பனை விளம்பரம், ஏற்றுமதி முயற்சி போக மீதமுள்ள தொகை பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு வருகிறது. எந்த ஆய்வுக்கு எவ்வளவு என்று முடிவுசெய்யும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களும் விவசாயிகளே.

பேராசிரியர்களைக் கூட்டாளிகளாக்கியதில் இந்த மேசைக்குப் பெரிய பங்கு உண்டு. ஐயோவாவில் நடக்கும் ஆய்வையே இல்லினாயிலும் தனியாக நடத்த இரண்டாம் முறை பணம் கொடுக்க எந்த விவசாயிக்கும் மனம் வராது. ஆகவே வடமத்திய மாநிலங்களின் வாரியங்கள் 1990-களிலேயே சேர்ந்து பொது நிதி வைத்தன. நான்கைந்து பல்கலைக்கழகங்களின் பெயர் தாங்கி வரும் திட்டத்துக்கு அங்கே மரியாதை அதிகம்.

பணத்துக்கு முன்பே பயிர் இவர்களைக் கூட்டிவைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பகல் குறுகுவதைப் பார்த்துப் பூக்கும் பயிர் சோயா. வடக்கே மினசோட்டாவுக்கென்று உருவாக்கிய ரகத்தைத் தெற்கே மிசௌரியில் விதைத்தால், செடி வளர்வதற்குள் பூத்து முடித்துவிடும். ஒவ்வொரு ரகமும் வடக்கு தெற்காகக் குறுகலான ஒரு பட்டைக்குள்தான் சரியாக விளையும். அந்தப் பட்டையோ கிழக்கு மேற்காக ஓஹையோவிலிருந்து நெப்ராஸ்கா வரை ஐந்தாறு மாநிலங்களைக் கடந்து ஓடும். தன் மாநில எல்லைக்குள் மட்டும் சோதித்துப் பார்த்து எவரும் ஒரு ரகத்தின் தரத்தை அறிந்துவிட முடியாது. அதனால்தான் 1940-களிலிருந்து ஒரு பழக்கம் நிலைத்திருக்கிறது. ரகம் உருவாக்கும் பேராசிரியர் ஒருவர், இன்னும் ரகமாக வெளிவராத தன் புதிய வரிசைகளின் விதையைப் பொட்டலம் கட்டி மற்ற மாநிலத்தவர்களுக்கு அனுப்புவார். அவர்கள் தங்கள் மண்ணில் விதைத்து, மகசூல், முதிரும் தேதி, செடி சாயும் அளவு எல்லாவற்றையும் குறித்து அனுப்புவார்கள். எல்லாம் ஒரே ஆண்டறிக்கையில் வரும். பக்கத்து மாநிலத்து ரகம் தன் ரகத்தைத் தோற்கடித்திருந்தால் அதுவும் அதே அட்டவணையில் இருக்கும்!

2004 நவம்பரில் ஆசியத் துரு நோய் லூசியானாவில் தென்பட்டபோது இந்தப் பழக்கம் கைகொடுத்தது. புயற்காற்றோடு தென் அமெரிக்காவிலிருந்து நோய்ப் பூஞ்சையின் வித்துகள் வந்திருக்கலாம் என்று கருதினார்கள். மறு ஆண்டே பல மாநிலங்களில் காவல் பாத்திகள் போட்டு, வாராவாரம் இலைகளைச் சோதித்து, முடிவை ஒரே வரைபடத்தில் ஏற்றினார்கள். நோய் தன் பக்கம் வராததை வரைபடத்தில் பார்த்த விவசாயி மருந்துச் செலவை மிச்சப்படுத்தினார். கூட்டாராய்ச்சியின் பெருமையைப் பேசுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் கதை இது. பேசத் தயங்கும் கதை வேர்களுக்குள் இருக்கிறது.

சோயாவின் முதல் எதிரி முட்டைக்கூடு நூற்புழு. நம் நீலகிரியில் 1961-ல் உருளைக்கிழங்கில் கண்டுபிடித்த புழு இதற்கு உறவுமுறை. அமெரிக்காவில் இது 1954-ல் வட கரோலினாவில் முதன்முதலாகத் தென்பட்டது. மண் எப்படியெல்லாம் நகருமோ, டிராக்டர் சக்கரத்தோடும் வெள்ளத்தோடும், அப்படியெல்லாம் நகர்ந்து இன்று சோயா விளையும் மாநிலங்கள் அநேகமாக அனைத்துக்கும் போய்விட்டது. பெண் புழு வேரில் வாயை நுழைத்து உட்கார்ந்து உப்பும். செத்த பிறகு அதன் உடலே தடித்த கூடாகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள். பல ஆண்டுகள் சோயா இல்லாமல் கிடந்தாலும் சில முட்டைகள் உயிரோடிருக்கும். செடி மேலே பச்சையாகத்தான் தெரியும். அறுவடையின்போதுதான் குறைவது தெரியும், அப்போதும் மழையைக் குறை சொல்லிவிட்டு விவசாயி போய்விடுவார். ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்பது ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு.

மருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. எதிர்ப்புள்ள ரகம்தான் வழி. 1950-களில் ஆயிரக்கணக்கான வரிசைகளைச் சோதித்துத் தேறிய விதைகளில் 'பீக்கிங்' என்ற கறுப்பு விதை ஒன்று. அதை வைத்து 1960-களில் ரகங்கள் வந்தன. சில ஆண்டுகளில் புழு அதைக் கடந்தது. அடுத்து 1930 வாக்கில் வடகிழக்குச் சீனாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு விதையை எடுத்தார்கள். அதற்குப் பெயர்கூட இல்லை, பிஐ 88788 என்ற பதிவெண் மட்டும்தான். (வெளிநாட்டு விதைகளுக்கு எண் கொடுக்கும் அந்தப் பதிவேட்டில் 1-ஆம் எண் 1898-ல் ரஷ்யாவிலிருந்து வந்த முட்டைக்கோஸ்!) 1970-களின் இறுதியில் தெற்கிலும், 1980-களின் தொடக்கத்தில் வடக்கிலும் அதன் வழி வந்த ரகங்கள் வெளியாயின.

அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். நல்ல வரிசை ஒன்று கிடைத்ததும் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். வாங்கியவர் தன் ரகத்தோடு கலப்புச் செய்து மூன்றாமவருக்குக் கொடுத்தார். விதை நிறுவனங்களும் அதையே எடுத்துக்கொண்டன. வடமத்திய மாநிலங்களில் விற்கும் எதிர்ப்பு ரகங்களில் சுமார் 95 சதவீதம் இந்த ஒரே எண்ணின் வாரிசுகள் என்ற நிலை பல்லாண்டு நீடித்தது. இல்லினாயின் அர்பானாவில் உள்ள விதை வங்கியில் 20,000-க்கும் மேற்பட்ட சோயா விதை மாதிரிகள் இருக்கும்போது இந்த நிலை! ஊர் முழுக்க ஒரே பூட்டைத் தொங்கவிட்டால் திருடனுக்கு ஒரு சாவி போதும்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு 2012-ல் மரபணு அளவிலேயே விளக்கம் வந்தது, அதுவும் கூட்டாராய்ச்சியால்தான். பிஐ 88788 வழியில் வந்த ரகங்களில் ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டு பத்து நகல்களாக அடுத்தடுத்து நிற்கிறது. புழு தாக்கும் சாதாரண ரகத்தில் ஒன்றே ஒன்று. விஸ்கான்சின், இல்லினாய் ஆய்வாளர்கள் சேர்ந்து இதைக் கண்டார்கள். பீக்கிங்கிலோ அதே துண்டு மூன்று நகல்கள்தான். அது வேலை செய்ய வேறோர் இடத்திலுள்ள இரண்டாவது மரபணுவின் துணையும் வேண்டும். ரகம் உருவாக்குபவருக்கு ஒன்றைக் கடத்துவது சுலபம், இரண்டை மகசூல் குறையாமல் சேர்த்துக் கடத்துவது பாடு. எல்லோரும் சுலபமானதை எடுத்தார்கள், அதையே பகிர்ந்தும் கொண்டார்கள்.

விளைவைக் கண்ணால் பார்க்க ஒரு மாதம் போதும். சந்தேகமுள்ள வயலின் மண்ணைக் கூம்பு வடிவக் குழாய்களில் நிரப்பி, தலா ஒரு சோயா முளையை நட்டு, 27 டிகிரி வெப்பத்தில் 30 நாள் வைக்கிறார்கள். பிறகு வேரைச் சல்லடை மேல் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். மேல் சல்லடையில் வேர்த்துணுக்கு நிற்கும். கீழ்ச் சல்லடையில் எலுமிச்சை வடிவில், குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை, மஞ்சள் உருண்டைகள் தங்கும். அவைதான் பெண் புழுக்கள். எதிர்ப்பே இல்லாத ரகத்தில் 100 இருந்தால், எதிர்ப்பு ரகத்தில் 10-க்குள் இருக்க வேண்டும். பிஐ 88788-ல் இன்று ஐயோவாவின் பெரும்பாலான வயல் மண் அந்த 10-ஐத் தாண்டிவிட்டது, சில இடங்களில் 50-ஐயும்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. எண்ணிப் பார்த்தவர்களுக்கு வெகு நாளாகவே தெரியும். 2018-ல் பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் மறுபடியும் கூடி விவசாயிகளை எச்சரிக்கும் இயக்கம் தொடங்கின. நல்லதுதான். ஆனால் என் சந்தேகம் வேறு. பொது நிதியில், பொதுத் திட்டத்தில், எல்லோரும் ஒத்துப்போகும் ஆய்வுதான் எளிதில் தேறும். 'நாம் அனைவரும் நம்பியிருக்கும் விதை தோற்றுக்கொண்டிருக்கிறது' என்று வருடா வருடம் சல்லடையில் எண்ணிச் சொல்லும் அலுப்பான வேலைக்குப் புதுமை என்ற பெயர் கிடைக்காது. கூட்டணி பெரிதாகப் பெரிதாக மாற்று விதையில் பத்தாண்டு மாரடிக்கும் தனி ஆள் குறைந்துபோகிறார்.

பொட்டலம் அனுப்பும் பழக்கமும் முன்போல் இல்லை. 1970-க்குப் பின் ரகப் பாதுகாப்புச் சட்டம், காப்புரிமை, விதை கைமாற ஒப்பந்தம் என்று வந்து, பத்து கிராம் விதைக்கும் வழக்கறிஞர் கையெழுத்து வேண்டியதாயிற்று. உரிமைத்தொகை வந்தால்தான் அடுத்த ஆய்வுக்கு வழி என்பது பல்கலைக்கழகங்களின் வாதம், அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் புழு கையெழுத்துக்குக் காத்திருப்பதில்லை. கோடையில் நாலு வாரத்துக்கு ஒரு தலைமுறை அதற்கு.

பீக்கிங் வழி ரகங்கள் இப்போது மெல்லக் கூடிவருகின்றன. அதையும் ஆண்டுதோறும் அதே வயலில் போட்டால் 1960-களின் கதைதான் திரும்பும், இரண்டையும் மாற்றி மாற்றி, இடையில் மக்காச்சோளமும் போட வேண்டும் என்கிறார்கள். மாற்றுவதற்கு எது எதிலிருந்து வந்தது என்று விவசாயிக்குத் தெரிய வேண்டுமே! விதைப் பட்டியல் பலவற்றில் 'நூற்புழு எதிர்ப்பு' என்பதோடு சரி, மூல விதை எதுவென்று இருப்பதில்லை. ஐயோவாவில் மூல விதையைக் குறிப்பிட்டு ஆண்டுதோறும் பட்டியல் போடுகிறார்கள். எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து, வயல் மண்ணில் புழு எண்ணிக்கையோடு அதையே ஒரே ஏடாகப் போட 200-க்கு 1 டாலர் நிதியில் பெரிய துண்டு ஒன்றும் விழாது. துரு நோய்க்கு அன்று வாராவாரம் வரைபடம் போட்டவர்கள்தானே இவர்கள்?