சூடான கார் ஏன் கிளம்ப மறுக்கிறது?

காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிய பழைய அம்பாசடர் கார், நண்பகல் வெயிலில் நெடுந்தூரம் ஓடிவிட்டு ஒரு தேநீர்க் கடையின் முன் நிற்கிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது. ஆனால் பற்றிக்கொள்ள மறுக்கிறது. ஓட்டுநர் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கிறார். பிறகு, ஒன்றுமே நடவாததுபோல் கார் கிளம்பிவிடுகிறது!

மாணவர்களே, இது விந்தையாக இல்லையா? குளிர்ந்த எஞ்சினைவிடச் சூடான எஞ்சின்தானே எளிதில் கிளம்ப வேண்டும்? அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆனால் அதையும் பிரீமியர் பத்மினியையும் போற்றிப் பாதுகாத்து ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தத் தொல்லையும் அவர்களுக்குப் பழக்கமானதுதான். இது ஒரு நிறுவனத்துக் காரின் குறையன்று. கார்புரேட்டர் பொருத்திய பழைய கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது.

நின்ற பிறகு ஏறும் சூடு

பெட்ரோலை எரிப்பதால் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்குதான் காரை ஓட்டப் பயன்படுகிறது. மீதி வெப்பமாக வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதியைப் புகைக்குழாய் கொண்டுபோய்விடும். மற்றொரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் ரேடியேட்டருக்கு எடுத்துச் செல்கிறது. அங்கே விசிறி அதை ஆற்றுகிறது.

எஞ்சினை நிறுத்தியதும் என்ன ஆகும்? தண்ணீரைச் சுழற்றும் பம்பும் நிற்கிறது, விசிறியும் நிற்கிறது, எதிர்க்காற்றும் இல்லை. ஆனால் பல கிலோகிராம் எடையுள்ள வார்ப்பிரும்பு சேமித்துவைத்த வெப்பம் உடனே மறைந்துவிடுமா? அது நாற்புறமும் பரவுகிறது. பக்கத்திலுள்ள கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு, குழாய்கள் எல்லாம் சூடேறுகின்றன.

கார் ஓடும்போது கார்புரேட்டர் குளிர்ச்சியாகவே இருக்கும். மண்பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது அல்லவா? அதுபோலவே கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அது குளிர்கிறது. எஞ்சின் நின்றதும் இந்தக் குளிர்ச்சியும் நின்றுவிடுகிறது. ஆகவே, இப்பகுதிகள் மிக அதிகமாகச் சூடாவது கார் ஓடும்போது அன்று, நின்ற பிறகுதான்.

பெட்ரோல் கொதித்தால்

தண்ணீருக்கு ஒரே கொதிநிலை உண்டு. பெட்ரோல் அப்படியன்று. அது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதிலுள்ள பென்டேன் 36 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். கனமான பொருள்கள் கொதிக்க 200 டிகிரி வரை வேண்டும். சூடான பானெட்டுக்குள் இலேசான பொருள்கள் கொதித்து ஆவியாவதில் வியப்பில்லை. இது இரண்டு இடங்களில் இரண்டு விதமான தொல்லையைத் தருகிறது.

முதலாவது, பெட்ரோல் பம்பில். பழைய கார்கள் பலவற்றில் பம்பு எஞ்சினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அது காரின் பின்புறத்திலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஊசி இல்லாத சிரிஞ்சில் கால் பங்கு வெந்நீரை (கை பொறுக்கும் சூடு போதும்) எடுத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைப் பலமாகப் பின்னுக்கு இழுங்கள். வெந்நீரில் குமிழிகள் எழுவதைக் காண்பீர்கள்!

ஒரு லிட்டர் பென்டேன் ஆவியானால் 200 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். பம்பு திரவத்தைத் தள்ளுவதற்காக அமைந்தது. உள்ளே ஆவி நிரம்பிவிட்டால் பம்பின் அசைவு அந்த ஆவியை அமுக்குவதோடும் விரிப்பதோடும் முடிந்துவிடும், பெட்ரோல் நகராது. இதையே ஓட்டுநர்கள் 'ஏர்லாக்' என்கிறார்கள். உண்மையில் அங்கே அடைத்துக்கொண்டிருப்பது காற்று அன்று, பெட்ரோலின் ஆவியே. எனவே இதை 'ஆவியடைப்பு' என்பதே பொருத்தம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது இத்தொல்லை இன்னும் அதிகம். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீரே ஏறத்தாழ 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது.

இரண்டாவது, கார்புரேட்டரின் சிறு கிண்ணத்தில். அங்கே தேங்கியிருக்கும் பெட்ரோல் கொதித்துப் பொங்கி, எஞ்சினுக்குள் செல்லும் பாதையில் வழிகிறது. பெட்ரோல் நன்றாக எரிய, 1 பங்கு எடைக்கு ஏறத்தாழ 15 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். பெட்ரோல் அளவுக்கு மீறினாலும் கலவை பற்றாது.

ஆக, ஓரிடத்தில் பெட்ரோல் போதவில்லை. மற்றோரிடத்தில் பெட்ரோல் மிகுந்துவிட்டது. காரணங்கள் நேர்மாறானவை; ஆனால் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே!

பொறி தவறினால்

மூன்றாவது காரணம் மின்சாரத்தைச் சேர்ந்தது. ஸ்பார்க் பிளக்கில் பொறி எழுவதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டுகள் தேவை. பாட்டரியின் 12 வோல்ட்டை அவ்வளவாக உயர்த்துவது 'காயில்' எனப்படும் தூண்டுசுருள். அதன் முதன்மைச் சுற்றின் மின்தடை 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 4 ஆம்பியர் மின்னோட்டம் ஓடும்.

செம்பின் மின்தடை வெப்பத்தோடு கூடும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சென்றால் அது ஏறத்தாழக் கால் பங்கு கூடி 3.8 ஓம் ஆகிறது. மின்னோட்டம் சுமார் 3.2 ஆம்பியராகக் குறைகிறது. சுருளில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: முன்பிருந்ததில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. நல்ல சுருள் இதைத் தாங்கிக்கொள்ளும். காப்புப் பூச்சு நைந்துபோன பழைய சுருள் தாங்காது. அதனுடன் சேர்ந்து இயங்கும் கண்டென்சரும் அப்படியே. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்துவிட்டு, சூடானதும் கைவிட்டுவிடுவது உண்டு.

காத்திருத்தல் மருந்தா?

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். வழிந்த பெட்ரோல் உலர்ந்துவிடும். சுருளும் குளிர்ந்துவிடும். அதாவது, மூன்று நோய்களுக்கும் காத்திருத்தல் ஒரே மருந்து. அதனாலேயே, கார் கிளம்பிவிட்டது என்பதைக் கொண்டு எந்த நோய் என்று அறிய முடியாது! விலை குறைந்த கண்டென்சரில் கோளாறு இருக்க, கார்புரேட்டரையே மாற்றிச் செலவு செய்துவிட்டு, மறுநாள் மலைப்பாதையின் வளைவில் மீண்டும் நிற்க நேர்ந்தால் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர் என்ன செய்வார்?

எனவே தேர்ந்த மெக்கானிக், கார் சூடாக இருக்கும்போதே சோதிப்பார்.

1. ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் எஞ்சினைச் சுற்றுகிறதா? மெதுவாகச் சுற்றினாலோ 'டிக்' என்ற ஒலியோடு நின்றாலோ, பாட்டரி, மின்கம்பி இணைப்பு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றில் கோளாறு.

2. நன்றாகச் சுற்றுகிறதெனில், பிளக்கில் வலுவான பொறி எழுகிறதா? இல்லையெனில் சுருள், கண்டென்சர் ஆகியவற்றின்மீது சந்தேகம்.

3. பொறி நன்றாக இருந்தால், பிளக் ஈரமா, உலர்ந்திருக்கிறதா? ஈரமாக இருந்து பெட்ரோல் நெடியும் அடித்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் மிகுதியான காற்று உள்ளே சென்று கலவையைச் சரிசெய்யும். விட்டுவிட்டு மிதித்தால் பெட்ரோல் இன்னும் சேரக்கூடும்.

4. பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பம்பின்மீது மட்டும் ஈரத்துணியைச் சுற்றிச் சில நிமிடங்களில் கார் கிளம்பினால் அது ஆவியடைப்பே.

'பம்பின்மீது மட்டும்' என்பதைக் கவனித்தீர்களா? எல்லாவற்றையும் ஒருசேரக் குளிரவைத்தால் எதனால் கிளம்பியது என்று தெரியாது. ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் சொல்வதும் இதற்காகத்தான்.

காரணம் தெரிந்துவிட்டால் பரிகாரம் எளிது. புகைக்குழாயை ஒட்டிச் செல்லும் பெட்ரோல் குழாயை விலக்கி அமைக்கலாம். கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தகட்டை வைக்கலாம். மேடு ஏறி வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவது செலவில்லாத பழக்கம்.

எச்சரிக்கை: இச்சோதனைகளை நீங்கள் செய்ய முற்படாதீர்கள், மெக்கானிக் செய்வதைத் தள்ளி நின்று பாருங்கள். பெட்ரோல் ஆவி பரவியுள்ள இடத்தில் ஒரு சிறு பொறியும் தீயாகும். சூடான ரேடியேட்டரின் மூடியையும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் குறைந்து, கொதித்துச் சீறும்.

இன்றைய பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் இல்லை. மின்சாரப் பம்பு தொட்டிக்குள்ளேயே அமர்ந்து, பெட்ரோலை உறிஞ்சாமல், காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதல் அழுத்தத்தில் முன்னே தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் அல்லவா? அதனால் ஆவியடைப்பு அரிதாகிவிட்டது. சிரிஞ்சின் பிஸ்டனை இழுத்தபோது எழுந்த குமிழிகள், அதை மீண்டும் உள்ளே தள்ளும்போது என்ன ஆகின்றன என்று பாருங்கள். புதிய காரின் இரகசியம் அதிலேயே இருக்கிறது.