இரண்டாண்டில் ஒரு தாதி

1950 ஆம் ஆண்டுக்கு முன்னர், தாதித் தொழில் பயில விரும்பிய அமெரிக்கப் பெண்ணொருத்திக்குப் பெரும்பாலும் ஒரு வழியே இருந்தது. வைத்தியசாலையொன்றைச் சார்ந்த பாடசாலையிற் சேர்ந்து, அதன் விடுதியிலேயே தங்கி, மூன்றாண்டுகள் கழிக்க வேண்டும். பயிற்சி என்பது பெயர், வேலையே பெரிது. இராக் கடமையும் படுக்கை விரித்தலும் போக எஞ்சிய நேரத்திலேதான் பாடம் நடந்தது. குறைந்த செலவில் உழைக்கும் கைகள் கிடைத்தமையால், இம்முறையை மாற்றும் அவசரம் வைத்தியசாலைகளுக்கு இருக்கவில்லை. மணமானவர்களைப் பல பாடசாலைகள் ஏற்பதில்லை. ஆடவர்க்கும் இடம் அரிது.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் தாதியர் பற்றாக்குறை கடுமையாயிற்று. அவ்வேளையில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஆய்வு நடத்திய மில்ட்ரெட் மொன்டாக் அம்மையார், தாதியர் செய்யும் பணிகள் யாவற்றுக்கும் ஒரே அளவான கல்வி வேண்டியதில்லை என்று 1951 இல் வாதித்தார். உயர்கல்வி பெற்ற தாதிக்கும் உதவியாளருக்கும் இடைப்பட்ட ஒருவரை இரண்டாண்டிலே ஆக்கலாம் என்பதும், அப்பணியை வைத்தியசாலையன்றிக் கல்லூரியே ஏற்கவேண்டும் என்பதும் அவர் கருத்து. 1952 இல் ஏழு கல்லூரிகளில் இம்முயற்சி தொடங்கிற்று.

அவர் தேர்ந்தவை சமுதாயக் கல்லூரிகள். இல்லினோய் மாநிலத்து ஜோலியற் நகரில் 1901 இல் தோன்றிய கல்லூரியின் வழிவந்த இவை, ஊரவர் வீட்டிலிருந்தே சென்று குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டு படிக்கும் பொதுக் கல்லூரிகளாம். இங்கே தாதி மாணவி உண்மையில் மாணவியானாள். ஆசிரியையோடு நோயாளர் விடுதிக்குச் சென்று, கற்க வேண்டியதைக் கற்று, மாலையில் வீடு திரும்பினாள். பிள்ளை பெற்ற தாயரும், வேறு தொழிலில் இருந்தோரும், ஆடவரும் சேர முடிந்தது. அரசாங்க அனுமதிப் பரீட்சையில் இவர்களுள் பெரும்பாலோர் முதல் முறையிலேயே சித்தியெய்தினர்.

இங்கேதான் சிக்கல் பிறந்தது. மொன்டாக் எண்ணியது இடைநிலைத் தாதியை. ஆனால் பரீட்சையும் ஒன்று, பெற்ற அனுமதிப்பத்திரமும் ஒன்று. ஆகவே விடுதியிலும் வேறுபாடு இல்லாது போயிற்று. தாதிக்குப் பட்டமே அடிப்படைத் தகைமையாக வேண்டுமென அமெரிக்கத் தாதியர் சங்கம் 1965 இல் அறிவித்தது. வட டக்கோட்டா மாநிலம் 1987 முதல் அவ்வாறே விதித்து, 2003 இல் கைவிட்டது. அதே 2003 இல் பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளைப் பற்றி வெளியான ஆய்வொன்று, பட்டதாரித் தாதியர் நூற்றுக்குப் பத்து வீதம் கூடுதலாயிருந்த இடங்களில் சத்திரசிகிச்சை பெற்றோர் மரணமடையும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தமையைக் காட்டிற்று. நோயாளியின் உயிர் பற்றிய செய்தி இது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் கதவை அடைத்துவிட்டால், நான்காண்டு செலவு தாங்க இயலாத குடும்பத்துப் பெண் எங்கே செல்வாள்? நியூ யோர்க் மாநிலம் 2017 இல் நடுவழியொன்றைச் சட்டமாக்கியது. முதலில் இரண்டாண்டுக் கல்வியோடு பணியில் நுழையலாம். பத்தாண்டுக்குள் பட்டம் பெற்றுவிடல் வேண்டும். இருதரப்பாரின் நியாயத்தையும் மதித்த ஏற்பாடு இதுவே எனலாம்.

இவ்வழியிற் செல்வோர் ஒன்றை முன்னரே அறிதல் நலம். ‘இரண்டாண்டு’ என்பது முழு உண்மையன்று. உடலமைப்பியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல் முதலிய பாடங்களை முதலிலேயே முடிக்கவேண்டி இருப்பதால், பலருக்கு மூன்றாண்டு செல்கிறது. ஆசிரியரும் பயிற்சிக்கான விடுதிகளும் போதாமையால், தகுதியுடையோரும் காத்திருக்க நேரிடுகிறது. அவசரமாக வருவாய் வேண்டுவோர், ஏறக்குறைய ஓராண்டில் முடியும் கீழ்நிலைத் தாதிப் பயிற்சியைப் பெற்று, உழைத்துக்கொண்டே மேற்படியில் ஏறுவதும் உண்டு.

முடிவில் வருவது அனுமதிப் பரீட்சை. 1994 முதல் இது கணினியில் நடைபெறுகிறது. எழுதுவோர் அளிக்கும் விடைக்கேற்ப அடுத்த வினாவின் கடுமை மாறும்; 2023 முதல் குறைந்தது 85, கூடியது 150 வினாக்கள். பட்டதாரிக்கும் சமுதாயக் கல்லூரியாருக்கும் இன்றும் இப்பரீட்சை ஒன்றே. எனினும் பெரிய வைத்தியசாலைகள் பல பட்டதாரிகளையே விரும்புகின்றன. ஆகையால் பணியேற்ற சில ஆண்டுகளில் தாதியர் பலர், கடமை முடிந்த நேரத்திற் பட்டப் படிப்பைத் தொடர்கின்றனர். கட்டணத்தில் ஒரு பகுதியை வைத்தியசாலையே ஏற்கும் இடங்களும் உள.