வட்டு எங்கே போயிற்று?



சென்ற கோடையில், பாகூரில் என் வீட்டுத் திண்ணைக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸை அதில் நிறுவ முயன்றிருக்கிறார். நிறுவும் நிரலோ, அது ஏறிவந்த பென்டிரைவைத் தவிர வேறு வட்டே இல்லை என்று காட்டியது. வட்டு பழுதாகிவிட்டது என்று நண்பர்கள் முடிவு கட்டிவிட்டனர். புதிதாக வாங்கப் பணமில்லை. ஈராண்டுப் பாடக் குறிப்புகளும் அதற்குள்ளேதான்.

“நேற்று மாலைவரை விண்டோஸ் ஒழுங்காக ஓடிற்று, ஐயா” என்றார். அச்சொல்லிலேயே பாதி விடை இருந்தது.

எங்கள் பாகூர் ஏரி நிறைந்திருக்கும்போதும் கடைமடை வயலுக்குச் சில வேளை தண்ணீர் வந்து சேராது. அதற்காக ஏரி வற்றிற்று என்று எவரும் சொல்லார். மதகு திறந்துள்ளதா, வாய்க்காலில் அடைப்பா என்று பார்த்துக்கொண்டே மேலே நடப்பர். வட்டைத் தேடும் முறையும் அஃதே.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸில், கருவிகளையும் கோப்புகளாகவே காட்டும் வழக்கம் உண்டு. 1991இல் பிறந்த லினக்ஸும் அவ்வழியது. ‘டெவ்’ என்னும் கோப்புறையில் வட்டுக்கு ஒரு பெயர் தோன்றும். ஆனால் அதற்குரிய இயக்கி நிரல் வட்டைக் கண்டால்தான் அப்பெயர் பிறக்கும்.

ஆகவே முதலில் ‘பயாஸ்’ திரையைத் திறந்தோம். அங்கும் வட்டு இல்லையெனில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இணைப்பைப் பார்த்தல் வேண்டும். மேசைக் கணினிகளில் கேபிள் தளர்ந்திருப்பது மிகுதி. இவருடைய வட்டோ அங்கே தெளிவாக இருந்தது. ஏரியில் நீர் உண்டு!

பிறகு பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு, கருநிரலின் குறிப்பேட்டைக் காட்டும் ‘டிமெசேஜ்’ கட்டளையை இட்டோம். நூற்றுக்கணக்கான வரிகள், பொறுமையோடு படித்தால் பயனுண்டு. ஒரு வரி, என்.வி.எம்.இ. வட்டொன்று மறைவில் இருப்பதாகவும், ‘ரெய்டு’ முறையை ‘ஏ.எச்.சி.ஐ.’ முறைக்கு மாற்றுமாறும் சொல்லிற்று. இன்டெல் கணினிகள் சிலவற்றில் ‘ரெய்டு’ முறை வட்டைச் சாட்டா கட்டுப்படுத்திக்குப் பின்னே ஒளித்துவைக்கிறது. விண்டோஸுக்கு அதற்குரிய இயக்கி உண்டு. லினக்ஸால் அங்கே எட்டிப்பார்க்க இயலாது. அடைப்பு மதகில்தான்.

மாற்றிவிட வேண்டியதுதானே என்று மாணவர் விரைந்தார். நான் தடுத்தேன். முன்னேற்பாடின்றி மாற்றினால் விண்டோஸ் எழாமற்போகலாம். ‘பிட்லாக்கர்’ பூட்டு இருப்பின் அதன் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் எழுமாறு அமைத்து, பயாஸில் மாற்றி, அம்முறையில் ஒருமுறை எழச்செய்தபின் பழைய அமைப்புக்குத் திருப்புதல் வேண்டும். அவ்வாறே செய்தோம்.

மீண்டும் நிறுவும் நிரலைத் திறந்ததும் இரண்டு பெயர்கள் தோன்றின. ‘எஸ்.டி.ஏ.’ என்பதுதான் முதல் வட்டு என்று மாணவர் எண்ணினார். அது 16 ஜிபி பென்டிரைவ். பெயரை நம்பாது அளவைப் பாருங்கள் என்றேன். 512 ஜிபி வட்டு இரண்டாவதாக நின்றது. அவர் விரல் ‘முழு வட்டையும் அழி’ என்ற பொத்தானை நெருங்கிற்று. குறிப்புகளுக்குப் படி எடுத்தாயிற்றா என்று கேட்டேன், விழித்தார். அன்று மூடிவைத்துவிட்டு, மறுநாள் வேறொரு பென்டிரைவ் இரவல் வாங்கி வந்தார்.